கையெழுத்துக்குப் பிறகு: சென்னைத் தொழில்வட்டாரத்தில் கல்லூரிகளும் வேலை தருவோரும் – ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் பெரும்பாலான பாலிடெக்னிக்குகளின் முதல்வர் அறைச் சுவரில் ஒரு வரிசைப் புகைப்படங்களைப் பார்க்கலாம். நீளமான மேசை, அதன் நடுவில் பூங்கொத்து, இருபுறமும் கோட்டு அணிந்தவர்கள், அவர்கள் கையில் தோல் அட்டையிட்ட கோப்பு. கீழே ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்ற வாசகமும் தேதியும் இருக்கும். தரச்சான்றுக் குழு வரும்போது இந்த ஒப்பந்தங்களின் எண்ணிக்கையும் மதிப்பெண்ணுக்குச் சேரும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் படங்கள் கூடிக்கொண்டே போகின்றன. அவற்றில் எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தான மறு ஆண்டிலும் உயிரோடு இருந்தன என்று கேட்டால்தான் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

இந்த ஆய்வு அந்தக் கேள்வியை ஒரே கல்லூரிக்குள் வைத்துப் பார்க்கவில்லை. பாடியிலும் அம்பத்தூரிலும் தொடங்கி, கிண்டி, அடையாறு, தரமணி வழியாகக் குரோம்பேட்டைக்கும், அங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூருக்கும் நீளும் தொழில்வட்டாரம் முழுவதையும் ஒரே நிகழ்வாக எடுத்துக்கொள்கிறது. ஒரு கல்லூரியும் ஒரு நிறுவனமும் கைகோத்தால் சில மாணவர்களுக்கு வேலை கிடைக்கும். அதனாலேயே ஒரு வட்டாரத்துக்கு உரிய தொழிலாளர் திரள் உருவாகிவிடாது. நிறுவனம் இடம்பெயர்ந்தாலும் தொழில் தெரிந்தவர் ஊரிலேயே பிழைக்க முடிந்தால்தான் அதைத் திரள் என்று சொல்ல முடியும். பல ஆண்டுகள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்தி, மாணவர்களின் தொழிலகப் பயிற்சிக்கும் பொறுப்பாளராக இருந்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டு நிலைத்த இடங்களில் வேலை தருபவர், ஆளை எடுப்பதற்கு முன்பே தம் நேரத்தைக் கொடுத்திருக்கிறார். நிலைக்காத இடங்களில் அவர் தலைக்கணக்கை மட்டுமே கேட்டிருக்கிறார்.

குரோம்பேட்டையும் அடையாறும்

தொழிலும் கல்விக்கூடமும் சேர்ந்து இயங்குவது சென்னைக்குப் புதிதல்ல. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. அரசுக்கு நிலம் அளக்க ஆள் வேண்டியிருந்தது, அதற்காகவே பள்ளி வந்தது. அதற்கு நூறாண்டுக்குப் பின், சென்னைக் கலைப்பள்ளியில் பொறியியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் பணியைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளிலேயே தனி நிறுவனமாகப் பிரிந்தது. பின்னர்க் குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் குரோம் முறையையும் அவர் சோதித்துக் காட்டினார். அரசே தொழில் நடத்துவதை ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்ததால், லண்டனில் இருந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மார்லி 1910இல் அந்த முயற்சிகளுக்குத் தடை போட்டார். ஆனாலும் குரோம் தோல் தொழில் சென்னையை விட்டுப் போகவில்லை. சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் ஆலை இருந்த இடத்துக்குத்தான் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. இன்று அங்கே இறங்கும் ரயில் பயணிகளில் எத்தனை பேருக்கு அது தெரியுமோ.

அதே குரோம்பேட்டையில் 1949இல் தொழிலதிபர் சி. ராஜம், தம் இல்லத்தையே விற்று, மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியைத் தொடங்கினார். விமானப் பொறியியல், தானியங்கி வாகனப் பொறியியல், மின்னணுவியல், கருவியியல் ஆகிய நான்கும் அன்று நாட்டின் பிற கல்லூரிகளில் அரிதாகவே கிடைத்த பாடங்கள். அறிவியல் பட்டதாரிகளை எடுத்து மூன்றாண்டு பயிற்றுவித்தார்கள். வேலை தருபவர் ஒருவரே கல்லூரியைக் கட்டிய இந்த நிகழ்வைப் பெருமைக்காக மட்டும் நினைவுகூர்வது வழக்கம். வட்டாரம் என்ற அளவுகோலால் பார்த்தால் நான்கு பாடங்களும் ஒரே விதமாக நடந்துகொள்ளவில்லை. விமானப் பொறியியல் படித்தவருக்கு அன்று பயிற்சி பெங்களூரில் இருந்தது. அப்துல் கலாமும் படிப்பை முடித்து இந்துஸ்தான் விமான ஆலைக்குத்தான் பயிற்சிக்குப் போனார். வாகனப் பொறியியல் படித்தவருக்கோ எண்ணூரில் லேலண்ட் ஆலையும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும், 1960களில் பாடியில் எழுந்த உதிரிபாக ஆலைகளும் இருந்தன. ஒரே வளாகத்தில் படித்தாலும், ஒருவருக்குத் தொழில் பக்கத்து ஊரில் இருந்தது, மற்றவருக்குப் பக்கத்து மாநிலத்தில் இருந்தது. கல்லூரி நல்லதாக இருப்பதும் வட்டாரம் பயனடைவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டியது அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்த நிறுவனத்துக்குப் பக்கத்திலேயே, அழகப்பச் செட்டியார் நன்கொடையால் 1944இல் வந்த தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் சேரும் மாணவர் கல்லூரியில் பதிவுசெய்துகொண்டு, தோலைப் பற்றிய பாடங்களை ஆராய்ச்சி நிறுவனத்தில் படிக்கிறார். அவருக்குப் பாடம் நடத்தும் விஞ்ஞானியின் மேசைக்குத்தான் பல்லாவரத்திலிருந்தோ ராணிப்பேட்டையிலிருந்தோ ஒரு பதனிடும் ஆலைக்காரர் தம் தோலில் விழுந்த கறைக்குக் காரணம் கேட்டு வருவார். அந்தக் கறையே அடுத்த வாரப் பாடமாக மாணவருக்கு வந்து சேரும். பாடத்திட்டக் குழுவில் தொழில்துறையிலிருந்து ஒருவரைப் போடுவது எல்லாக் கல்லூரிகளும் செய்வதுதான். ஆண்டுக்கு இருமுறை தேநீரோடு கூடும் அந்தக் குழு தர முடியாத ஒன்றை இந்த ஏற்பாடு அன்றாடம் தந்தது. நீண்ட காலம் இயக்குநராக இருந்த ஒய். நாயுடம்மா கல்வி, ஆராய்ச்சி, தொழில் மூன்றையும் பிரிக்காமல் நடத்தியதன் பயன் 1970களில் தெரிந்தது. பாதி பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு 1973 முதல் கட்டுப்பாடு வந்து, முழுதாக முடித்த தோலையும் காலணியையும் செய்ய வேண்டிய கட்டாயம் எழுந்தபோது, அதற்கான ரசாயனமும் இயந்திரமும் தெரிந்தவர்கள் ஏற்கெனவே படித்து வெளியே வந்திருந்தார்கள். 1990களில் கழிவுநீர் வழக்குகளில் ஆலைகள் மூடும் நிலைக்கு வந்தபோதும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தொழில்நுட்பம் சொல்ல அதே அடையாறு வளாகம் இருந்தது. ஆற்றுப்படுகைகளுக்கு நேர்ந்த கேட்டை அது ஈடுசெய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தொழில் தடுமாறிய இரண்டு வேளைகளிலும் கூட்டு கலையவில்லை என்பதையே சொல்கிறேன்.

அம்பத்தூர்

சிறு ஆலைகளின் உலகம் வேறு. கிண்டித் தொழிற்பேட்டை 1958இல் வந்தது, ஆர். வெங்கட்ராமன் மாநிலத் தொழில் அமைச்சராக இருந்த காலத்து முயற்சி அது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அதைவிடப் பல மடங்கு பெரிதாக விரிந்தது. பாடியில் இருந்த பெரிய ஆலைகள் பிரேக், சக்கரம், மின்பாகம் என்று தயாரிக்க, அவற்றுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் பட்டறைகள் அம்பத்தூரில் பெருகின. இன்றும் பத்து இருபது பேர் வேலை செய்யும் பட்டறைகள் அங்கே ஏராளம். கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் இரண்டு, ஒரு மில்லிங், ஒரு கிரைண்டிங், மூலையில் ஒரு பழைய லேத், மாடியில் ஒரு சின்ன அலுவலகம்; அதுவே ஒரு முழு நிறுவனம்.

இந்தப் பட்டறை முதலாளிகளிடம் நான் கேட்ட குறை ஏறக்குறைய ஒன்றேதான். டிப்ளமா முடித்து வரும் பையனுக்கு வரைபடம் படிக்கத் தெரிகிறது, தேர்வில் மதிப்பெண்ணும் இருக்கிறது, ஆனால் மைக்ரோமீட்டரைப் பிடித்து ஒரே பாகத்தை மூன்று முறை அளந்தால் மூன்று அளவு சொல்கிறான். அளவெடுப்பது புத்தகத்தால் வருவதல்ல, கைப்பழக்கத்தால் வருவது. அந்தப் பழக்கத்தைத் தர யாராவது மூன்று நான்கு மாதம் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும் மூத்த ஆபரேட்டரின் கையில்தான் அந்த மாதத்து ஆர்டரும் இருக்கும். சொல்லிக்கொடுத்துத் தேறிய பையன் மறு வருடமே ஒரகடத்தில் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடுவான். ஆகவே பயிற்சிக்கு ஆகும் செலவு சிறு பட்டறைக்கு, அதன் பலன் பெரிய ஆலைக்கு. சொல்லித்தர மறுக்கும் முதலாளியைக் கஞ்சன் என்று சொல்லிவிடுவது எளிது. அவர் இடத்தில் நின்று கணக்குப் போட்டால் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

இந்தச் சிக்கலைத் தனித்தனி ஒப்பந்தங்களால் அவிழ்க்க முடியாது. அறுபது மாணவர்கள் இருக்கும் ஒரு வகுப்பை எந்தச் சிறு பட்டறையாலும் ஏற்க முடியாது, ஆனால் அறுபது பட்டறைகள் ஆளுக்கொருவரை ஏற்கலாம். அறுபது முதலாளிகளிடம் தனித்தனியே பேசவும், காப்பீடு, பாதுகாப்புக் காலணி, வருகைப் பதிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளவும் ஒரு விரிவுரையாளரின் ஓய்வு வேளை போதாது. அந்த இடைப்பணியைத் தொழிற்பேட்டையின் உற்பத்தியாளர் சங்கம்தான் செய்ய முடியும். எல்லாப் பட்டறைகளும் சேர்ந்து பயிற்சி தந்தால், ஒரு பையன் வேறு இடத்துக்குப் போனாலும் இன்னொரு பட்டறை பயிற்றுவித்தவன் தம்மிடம் வருவான் என்ற நம்பிக்கை முதலாளிக்கு வரும். செலவைப் பொதுவாக்காமல் பலனை மட்டும் பொதுவாக்க நினைத்ததுதான் நான் பார்த்த பெரும்பாலான ஏற்பாடுகளின் குறை.

சட்டமும் இந்த இடத்தில்தான் நழுவுகிறது. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்திய விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்கு அது விருப்பம். அம்பத்தூர்ப் பட்டறைகளில் பெரும் பகுதி இந்த இரண்டாவது வகைக்குள் வந்துவிடும். அதே திருத்தம் பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாயும் டிப்ளமாதாரருக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வைத்தது. அதில் பாதியை மத்திய அரசு திருப்பித் தரும் திட்டத்தைத் தென்மாநிலங்களுக்கு நடத்தும் வாரியம் தரமணியில்தான் இருக்கிறது. ஆனால் இணையதளப் பதிவு, ஒப்பந்த எண், மாதாந்திரக் கோரிக்கை என்று இதற்கு ஒரு எழுத்தர் வேலை தேவைப்படுகிறது. ஐம்பது பேரை எடுக்கும் ஆலைக்கு அது பெரிய காரியமல்ல. ஒருவனை எடுக்கும் பட்டறைக்காரர், கணக்குப் பிள்ளையிடம் ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுவார்.

சாண்ட்விச் டிப்ளமா என்று ஒரு முறை நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. மூன்று ஆண்டுக்குப் பதில் மூன்றரை ஆண்டு. இடையிலும் முடிவிலும் ஆலைப் பயிற்சி. பெயரைக் கேட்டுச் சிரித்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அரை ஆண்டு கூடுதல் என்றதும் சிரிப்பு கவலையாகிவிடும். அந்த அரை ஆண்டுதான் அந்தப் படிப்பின் மதிப்பு. ஆறு மாதம் ஒரே ஆலையில் நிற்கும் மாணவன் ஒரு முழு ஆர்டர் வந்து போவதைப் பார்க்கிறான். பாகம் திரும்பி வந்தால் யார் பதில் சொல்வது என்பதைப் பார்க்கிறான். பதினைந்து நாள் இன்பிளான்ட் பயிற்சிக்குப் போகிறவனோ பெரும்பாலும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கடைசி நாளில் சான்றிதழில் முத்திரை வாங்கிக்கொண்டு வருகிறான். அந்தச் சான்றிதழ்கள் பலவற்றில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் மாணவர்களை அனுப்பியதும் செமஸ்டர் விடுமுறையில்தான். ஆலைக்கு அது வசதியான காலமா என்று கேட்கும் பழக்கம் எங்களிடம் இருக்கவில்லை.

அண்மையில் வந்த பெரிய மாற்றம் ஐ.டி.ஐ.களில். டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழக அரசு 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களை, ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய் செலவில், ரோபோ, நவீன சி.என்.சி., முப்பரிமாண அச்சு போன்றவற்றைக் கற்பிக்கும் மையங்களாக மாற்றும் திட்டத்தை எடுத்தது. இயந்திரம் வந்துவிட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஐந்து ஆண்டு கழித்து டூல் தேய்ந்தால் யார் வாங்குவது, கன்ட்ரோலர் பழுதானால் பராமரிப்பு ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கும், பயிற்றுநர் ஆண்டில் எத்தனை வாரம் ஆலையில் நின்று தம்மைப் புதுப்பித்துக்கொள்வார் என்பவையே என் கவலைகள். பாலிடெக்னிக் பட்டறைகளில் உறை போர்த்தி வைத்த இயந்திரங்களைப் பார்த்தவனுக்கு இந்தக் கேள்விகள் எழாமல் இருக்காது.

ஸ்ரீபெரும்புதூர்

நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடியாக மட்டுமே ஏறத்தாழ 8,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். ஆலையே அவர்களைப் பழக்கியது, வேகமாகவும் நன்றாகவும் பழக்கியது. வரிப் பிரச்சினையாலும், நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அதில் இந்த ஆலை சேராமல் போனதாலும், 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. பலகையில் பாகம் பொருத்துவதும் சோதனை செய்வதும் வரிசையின் வேகத்தைக் காப்பதும் எட்டு ஆண்டில் அந்தப் பெண்களின் கைக்கு வந்திருந்தன. ஆனால் அதைச் சொல்லும் ஒரு தாள், எந்தக் கல்லூரியின் முத்திரையோடும், பலரிடம் இருக்கவில்லை. அடுத்த ஆலையின் வாசலில் அவர்கள் மீண்டும் பிளஸ் டூ முடித்தவர்களாகவே நின்றார்கள்.

இதில் கல்விக்கூடங்களின் பங்கு பற்றி அதிகம் பேசப்படவில்லை. பத்து இருபது கிலோமீட்டர் சுற்றளவில் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் இருந்தும், வேலை செய்துகொண்டே அந்தப் பெண்கள் மாலையில் மின்னணுவியல் டிப்ளமா படிக்க ஒரு வழியை அவை பரவலாகத் திறக்கவில்லை. நாட்டின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமைக்குரியவர்கள் முப்பது வயதுக்குப் பின் என்ன ஆகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. 2024இல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. தூங்க இடம் கிடைத்தது பெரிய காரியம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அத்தனை பேர் ஒரே வளாகத்தில் இருக்கும்போது, அங்கே ஒரு மாலைநேரப் பாலிடெக்னிக்குக்குத் தேவையான மாணவர்கள் ஏற்கெனவே கூடிவிட்டார்கள்.

கல்லூரிப் பக்கம்

கல்லூரிகளை நம்பாமல் தாமே பள்ளி வைத்துக்கொண்ட நிறுவனங்களும் இங்கே உண்டு. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2004இல் ஆறு மாணவர்களோடு தன் பள்ளியைத் தொடங்கியது. கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு, பட்டம் கேட்பதில்லை. அந்த நிறுவனத்துக்கு அது நன்றாகவே பலித்திருக்கிறது. ஆனால் அங்கு கற்றவரின் திறமைக்குச் சாட்சி அந்த ஒரே நிறுவனம்தான். அது நிலைத்து நிற்கும்வரை குறையில்லை. நோக்கியாவைப் பார்த்த பிறகு இந்த நிபந்தனையைச் சேர்க்காமல் என்னால் எழுத முடியவில்லை.

அரசுப் பக்கத்தில் 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம், திறன் பாடங்களைப் பொறியியல் கல்லூரிகளின் கிரெடிட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது. விருப்பமிருந்தால் படி என்பதற்கும் மதிப்பெண் பட்டியலில் வரும் என்பதற்கும் மாணவரிடம் உள்ள வேறுபாடு எந்த ஆசிரியருக்கும் தெரியும். அந்த வகையில் இது சரியான இடத்தில் கை வைத்தது. இணையவழிச் சான்றிதழ்கள் கோப்பு நிறையச் சேர்வதும், அவற்றை நேர்காணலில் புரட்டிப் பார்ப்பவர் இல்லாமல் போவதும் இதன் மறுபக்கம். கலை அறிவியல் கல்லூரிகளின் நிலை இன்னும் பின்தங்கியது. 1996இலேயே சென்னையில் சமுதாயக் கல்லூரி தொடங்கப்பட்டு, பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு வாழ்க்கைத் திறனோடு தொழிலும் கற்பித்து, இடையில் ஆலைப் பயிற்சியையும் வைத்தது; நாட்டுக்கே முன்மாதிரியான அந்த முயற்சியிலிருந்து பெரிய கல்லூரிகள் எடுத்துக்கொண்டது மிகக் குறைவு.

கடைசியாக நான் பங்குகொண்ட ஒரு பேச்சுவார்த்தையைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரும் கல்லூரிப் பெயரும் வேண்டாம். ஒப்பந்த வரைவில் எட்டுப் பக்கம் இருந்தது; நோக்கம், கூட்டாய்வு, அறிவுப் பரிமாற்றம் எல்லாம் வழக்கம்போல. ஒரு பட்டறைக்காரர் அதைப் படித்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பையனை அனுப்பினால் தம் ஃபோர்மேன் நான்கு மணி வரை அவனோடு நிற்பார், மற்ற நாளில் முடியாது, இதை இதில் எழுத முடியுமா என்று கேட்டார். கல்லூரித் தரப்பில் அன்று பிற்பகலுக்கு ஆய்வகம் போட்டிருந்தது. கால அட்டவணையை மாற்ற இரண்டு துறைத்தலைவர்களின் சம்மதமும் ஒரு செமஸ்டரும் தேவைப்பட்டன. மாற்றிய பிறகு, அந்த எட்டுப் பக்கத்தில் நடைமுறைக்கு வந்தது அந்த இரண்டு மணி நேரம் மட்டுமே; ஃபோர்மேன் ஓய்வுபெறும் வரை அது நடந்தது.